பெண்ணம்மா சேடத்தியின் மூக்கு

எங்கள் கோவில் பங்கில் பாவசங்கீர்த்தனம் கேட்பது பாதிரியாரான அச்சனின் வேலை. ஆனால் அவர் காதுக்குப் போகும் முன்பே பாதிப் பாவங்கள் ஊருக்கே அக்காவான பெண்ணம்மா சேடத்தியின் மூக்குக்குப் போய்விடும். மீனச்சில் ஆற்றங்கரையில் அவர் வீடு, ரோசக்குட்டியின் வீடு, என் வீடு மூன்றும் வேலியை ஒட்டி நிற்கின்றன. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எங்களில் யாராவது ஒருத்தி மாட்டிக்கொள்வாள்.

என் வீட்டுக்காரர் பீடியை விட்டுவிட்டதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கு நடுவில் நின்றுகொண்டே சேடத்தி பீடி வாடையைப் பிடித்து அதைப் பொய்யாக்கிவிட்டார். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சியோடு வந்து நிற்பவர் அவர்தான். கஞ்சியை வைத்துவிட்டு, "இந்த விரிப்பத் துவைச்சு எத்தன நாளாச்சு?" என்றும் கேட்டுவிட்டுத்தான் போவார்.

மழைக்காலத்தில் அவருடைய கணவர் பைலி சேட்டன் இறந்துபோனார். ஒரே மகள் அயர்லாந்தில் நர்ஸ். பேச ஆளில்லாத வீட்டில் மூக்குக்கு வேலை கூடிவிட்டது. ஈஸ்டருக்கு முன்னால் இறைச்சி தொடாத அம்பது நோன்பு தொடங்கியதும் கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடும் வார்டு ஜபம். ஜபம் முடிந்து நான் பால் விடாத கட்டன் சாயா கொடுத்துக்கொண்டிருந்தேன். சேடத்தி ரோசக்குட்டியைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டா நோன்பு ஆயிடுமா? சில வீட்டு அடுப்புல மாட்டிறைச்சி வறுபடுது. தேங்காய்க்கொத்து வேற. மத்தியானத்திலேருந்து எனக்கு ஜபமாலையில மனசு நிக்கல."

ரோசக்குட்டி வீட்டுக்குப் போய், சட்டியோடு திரும்பி வந்தாள். உள்ளே பலாப்பிஞ்சு. இறைச்சி மசாலா போட்டுக் கறுக்க வறுத்திருந்தாள். சட்டி கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்தபோது காலியாகியிருந்தது. சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் புரையேறியது.

"மசாலா பொய் சொன்னா நான் என்ன பண்றது?" என்று எழுந்து போய்விட்டார் சேடத்தி. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

விஷயம் அச்சன் வரைக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை அவர், அடுத்தவன் கண்ணில் துரும்பைத் தேடுகிறவனின் சொந்தக் கண்ணில் கிடக்கும் உத்திரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். வெளியே வந்த சேடத்தி என்னிடம் சொன்னார்:

"கண்ணப் பத்தித்தான்டி சொல்லியிருக்கு. மூக்கப் பத்தி ஒண்ணும் இல்ல."

பெரிய வியாழன் வந்தது. அன்று ராத்திரி, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து, எல்லா வீட்டிலும் குருத்தோலைச் சிலுவை வைத்துப் பெசகா அப்பம் அவிப்போம். ஒரு வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் மட்டும் அவிக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சேடத்தியின் அக்கம்பக்கம் நாங்கள் இரண்டு பேர். அவர் காலையிலேயே மேசையைத் துடைத்து வைத்ததை வேலி வழியாகப் பார்த்தேன். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"இருக்கட்டும். அந்த மூக்குக்கு இது வேணும்" என்றேன் ரோசக்குட்டியிடம்.

"மூக்கு பண்ணின தப்புக்கு வயித்தப் பட்டினி போடுவாங்களா? பேசாம பாலத் தூக்கிட்டு வா" என்றாள். அப்பத்தோடு குடிக்கும் வெல்லப் பாலை அவள் என்னைத்தான் கிளறச் சொல்லியிருந்தாள். நான் சேடத்தியைத் திட்டிய வேகத்தில் அது அடிப்பிடித்துப் போயிருந்தது.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் சேடத்தி எழுந்தார். பைலி சேட்டன் அப்பம் வெட்டும் கத்தி மேசையில் தயாராக இருந்தது. ரோசக்குட்டி அதற்குப் பக்கத்தில் அப்பத்தை வைத்தாள்.

"ரோசக்குட்டி, அன்னிக்கு நான்..." என்று இழுத்தார்.

"விடுங்க சேடத்தி. நீங்க பாதி சரியாத்தான் சொன்னீங்க. எனக்கு அன்னிக்கு மாட்டிறைச்சி மேல அப்படி ஒரு ஆசை. அதனாலதான் பலாப்பிஞ்சுக்கு அந்த மசாலாவப் போட்டேன்."

சேடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பத்தை வெட்டினார். நான் பாலை ஊற்றினேன். கருகல் வாடை அறை முழுக்கப் பரவியது. தெருவில் போகிறவனுக்கே தெரிந்திருக்கும். தலை குனிந்து, வரப்போகும் குத்தலுக்குக் காத்திருந்தேன்.

"பால் கொஞ்சம் அடிப்பிடிச்சிருச்சு சேடத்தி. வாடை வருதா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

அவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார்.

"எனக்கு ஜலதோஷம்டி. ஒரு வாடையும் தெரியல."

அந்த ஜலதோஷம் இன்னும் தீரவில்லை. தீரவே கூடாதென்று என் வீட்டுக்காரர் தினமும் ஜபிக்கிறார்.