நூலில் ஒருவரும் கை வைக்கக் கூடாது

சாய்ந்தமருதில் கோழி இறகால் கொடுவா மீன் பிடித்த முதல் ஆள் நான்தான். பெருமையடிக்கிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு முன்னால் அங்கே வேறு எவனாவது பிடித்திருந்தால், இந்நேரம் அவனுடைய பேரன் வந்து என்னோடு சண்டைக்கு நின்றிருப்பான்.

நான் சம்மாந்துறையான். வயலுக்குள் பிறந்து வயலுக்குள் வளர்ந்தவன். கல்லோயாவில் அணை கட்டிய காலத்தில் இங்கினியாகலைக்கு ஜீப் ஓட்டப் போனேன். நான் ஏற்றித் திரிந்த வெள்ளைக்காரத் துரைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீனைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. மெல்லிய மூங்கில் தடி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிற்பார். புழு இல்லை, இறால் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. தூண்டில் கொளுக்கியில் இறகை வைத்து நூலால் சுற்றிக் கட்டியிருப்பார். நூலின் பாரத்தாலேயே அதை முன்னும் பின்னும் வீசி, பூச்சி விழுவது போலத் தண்ணீரில் இறக்குவார். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு ஒரு விரால் வந்து அந்த இறகை வாயில் வாங்கியது. அத்தோடு என் சிரிப்பு நின்றது.

துரை மரத்தடியில் கண்ணயரும் நேரமெல்லாம் தடி என் கையில்தான். ஊருக்குத் திரும்பும்போது பழைய தடி ஒன்றையும், பட்டு நூல் சுற்றிய உருளையையும் எனக்கே தந்துவிட்டுப் போனார். தராவிட்டால் நானே கேட்டு வாங்கியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். கலியாணம் முடிந்து, பெட்டியும் தடியுமாகச் சாய்ந்தமருதில் போய் இறங்கினேன். என் மனைவி வீட்டுத் தறியில் சாரன் நெய்வாள். அவளுடைய வாப்பா, அதாவது என் மாமா, கரையில் நின்று பலர் கூடி இழுக்கும் கரைவலைக்குச் சொந்தக்காரர். கடற்கரையில் அவர் குரல் கேட்டால் நாய் கூட எழும்பி நிற்கும். அவர் என் தடியை வாங்கி இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தார்.

"இதென்ன மருமகன், மாடு சாய்க்கிற கம்பா?"

"மீன் பிடிக்கிற தடி மாமா. இறகு கட்டிப் பிடிக்கிற."

"இறகாலயோ? மீனுக்குக் காது குடையப் போறீங்களோ?"

மீன்காரர் தங்கும் வாடிக் கொட்டிலில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கரையில் என் பெயர் காது குடையிறவர். பெண் வீட்டில் இருப்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நானும் கடித்துக்கொண்டு இருந்தேன், பல் தேயும் வரைக்கும்.

கரைவலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. வலையின் கயிறு கரைக்கு வந்துவிட்டால், யார் வந்து அதில் கை வைத்து இழுத்தாலும் அவனுக்கு மீனில் பங்கு உண்டு. தொழுகைக்குப் போகிறவன், சந்தைக்குப் போகிறவன், சண்டை பிடித்துப் பேச்சை விட்டவன் யாராக இருந்தாலும் சரி. கை வைத்தவனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அதனாலே அங்கே கயிறு விறைத்தால் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. கால் தானாக ஓடும், கை தானாக இழுக்கும்.

அந்த வருஷம் மாரி பேய் மாரி. என் மனைவியின் வயிற்றில் முதற்பிள்ளை. மசக்கை என்றால் இப்படியொரு மசக்கையை நான் பார்த்ததில்லை. சோறு வைத்தால் சத்தி எடுத்துவிடுவாள், கஞ்சி கொடுத்தால் சத்தி, கருவாட்டு மணம் பக்கத்து வளவிலிருந்து வந்தாலும் சத்தி. நெஞ்செலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்து, தறியை விட்டுப் பாயில் படுத்துவிட்டாள். மருத்துவிச்சி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து மாமியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஏதாவது உள்ளுக்குப் போய்த் தங்கோணும். இல்லாட்டி தாயும் தாங்கமாட்டா, புள்ளயும் தங்காது."

மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்காது என்று நினைத்தாள் போலிருக்கிறது. எனக்குக் கேட்டது. 

அடுத்த நாள் காலையில் அவளே கண்ணைத் திறந்து, "கொடுவாப் புளியாணம் எண்டா திம்பன் போல கிடக்கு" என்றாள்.

புளி கரைத்த மீன்குழம்புதான், கேட்டது பெரிய காரியம் அல்ல. கடற்கரை வீடு, வாப்பாவுக்கு வலை, மீனா கிடைக்காது? கிடைக்கவில்லை. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து, தோணிகள் எல்லாம் தென்னையடி வரைக்கும் இழுத்து ஏற்றிக் கிடந்தன. மாமா மழையில் நனைந்து கல்முனைச் சந்தைக்கு நடந்து போய், கருவாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்று திரும்பி வந்தார். அவர் முகத்தை அன்றைக்குத்தான் நான் நன்றாகப் பார்த்தேன். குரல் பெரிய அந்த மனிதர் மகளின் பாயடியில் போய் நின்று, அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டுத் திரும்பினார்.

அன்றைக்கு ஊரார் சேர்ந்து தோணாவை வெட்டிவிட்டார்கள். தோணா என்பது ஊருக்குள்ளே கிடக்கும் நீரோடை. மாரியில் வெள்ளம் ஏறினால் மணல்மேட்டை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். வயல் வெள்ளம் சின்ன மீனையெல்லாம் அள்ளிக்கொண்டு அந்த வாய்க்கு வரும். அதைத் தின்னக் கடலிலிருந்து கொடுவா ஏறும். மாமா வீச்சுவலையோடு ஓடினார். வெள்ளத்தில் வந்த மரக்கொப்பும் தாமரைக்கொடியும் வலையைக் கிழித்துக் கந்தலாக்கிக் கொடுத்தன.

நான் வீட்டுக்கு வந்து மாமியின் வெள்ளைச் சேவலைப் பிடித்தேன். கழுத்தில் நல்ல நீள இறகாகப் பார்த்துப் பிடுங்கினேன். சேவல் போட்ட சத்தத்தில் மாமி அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்தா.

"என்ன மருமகன் இது, அறுக்காம உரிக்கிறீங்க?"

என் மனைவி பாயில் சாய்ந்தபடியே கையை நீட்டினாள். "இஞ்ச தாங்க. ஒங்கட கட்டு பத்து வீச்சுல அவுந்து போகும்." தறியில் மிஞ்சிய சிவப்பு நூலை எடுத்து, இறகைக் கொளுக்கியில் வைத்து, இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.  முடிச்சு அசையவில்லை.

தோணா வாயில் நான் தடியை வீசத் தொடங்கியதும் சனம் கூடிவிட்டது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று இருந்தேன். ஓட்டத்துக்கு ஓரமாக, தண்ணீர் சுழன்று நிற்கிற இடத்தில் இறகை இறக்கினேன். வயலில் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியாததா? நாலைந்து வீச்சுத்தான். தண்ணீர் கொப்பளித்தது. தடி வில்லாக வளைந்தது. கொடுவா ஒன்று பாய்ந்து வெளியே வந்து, தலையை உதறி, மறுபடி விழுந்தது.

இந்த மீனை இழுக்கக் கூடாது. ஓட விட்டு, களைக்க விட்டு, மெல்ல மெல்லச் சுற்ற வேண்டும். ஏனென்றால் நுனியில் கட்டியிருப்பது மெல்லிய தங்கூசி நூல், வலித்து இழுத்தால் அறுந்துவிடும். அது எனக்குத் தெரியும். கரையில் நின்றவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம் விறைத்த கயிறு ஒன்றைத்தான்.

"இழுடா! இழு!"

பின்னாலிருந்து ஒரு கை நூலைப் பற்றியது. அதன் பின்னால் இன்னொரு கை. ஒரே இழுவை! டக்கென்று அறுந்தது. மீனும் போய்விட்டது, அவள் கட்டிய இறகும் போய்விட்டது.

நான் திரும்பிப் பார்க்காமலே வெடித்தேன். "எந்த மாட்டுப் பயல்டா நூலில கை வெச்ச? அறிவில்லையா ஒனக்கு? இது என்ன ஒங்கட வாப்பாட கரைவலையா?"

சத்தம் அடங்கியதும் திரும்பினேன். நூலின் அறுந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது மாமா.

பெண் வீட்டில் இருக்கிற மருமகன், ஊர் கூடிய இடத்தில், மாமாவைப் பார்த்து மாட்டுப் பயல் என்றுவிட்டான். அன்றைக்குச் சாய்ந்தமருதில் அதைவிடப் பெரிய செய்தி வெள்ளம் கூட இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் கிடையாது. என் பிள்ளையின் உயிர் அந்த நூலில் தொங்கியது. அதை அறுத்தவன் ராசாவாக இருந்தாலும் ஏசியிருப்பேன்.

மாமா அறுந்த துண்டை விரலில் சுற்றிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.  நான் நடந்ததைச் சொன்னதும் என் மனைவி, அந்த நிலையிலும், லேசாகச் சிரித்தாள்.

"வாப்பா வேணுமெண்டா செஞ்ச? கயிறக் கண்டா அவர்ர கை இழுக்கும். என்ட பசிக்கு அவர் இன்னும் பலமா இழுத்திருப்பார்." சொல்லிவிட்டு, "இன்னொரு இறகு கொண்டு வாங்க" என்றாள். சேவலைத் தேடிப் போனால், மாமியே அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

மறுநாள் விடிந்ததும் தோணா வாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் மாமா அங்கே நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சனத்தைப் பார்த்துக் கத்தினார்.

"நூலில ஒருத்தனும் கை வெக்கப்படா! வெச்சா கையை முறிப்பன்! ஓம், எனக்கும் சேத்துத்தான் சொல்றன்." சொல்லிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெயில் ஏறும் வரை வீசினேன். கை சோர்ந்த நேரத்தில் கொடுவா ஒன்று இறகை எடுத்தது. முதல் நாள் மீனைவிடப் பெரியது. எடுத்ததும் நேரே கடலைப் பார்த்து ஓடியது. உருளையில் நூல் கரைந்துகொண்டே போனது. நானும் கரையோரம் ஓடினேன். ஓடி ஓடி, வெட்டிய மணல்மேட்டின் விளிம்புக்கு வந்துவிட்டேன். அதற்கு அங்கால் கடலின் சுழிப்பு. எனக்கு நீந்தத் தெரியாது. வயல்காரனுக்கு எதற்கு நீச்சல்? உருளையில் கடைசிச் சுற்று. காலடியில் மணல் இடிந்தது. இடுப்புவரை தண்ணீருக்குள் போனேன். தடியை விட்டிருந்தால் கையை ஊன்றி ஏறியிருக்கலாம். நான் விடவில்லை.

பின்னால் யாரோ என் இடுப்பு வாரை அள்ளிப் பிடித்தார்கள்.

"நூல விடாதீங்க மருமகன்! ஒங்கள நான் விடமாட்டன்!"

மாமாவின் இடுப்பை அவர் மகன், என் மச்சான், பிடித்தார். மச்சானை வாடிக்காரர்கள் பிடித்தார்கள். நேற்று நூலை இழுத்த அதே கைகள் இன்றைக்கு என்னை இழுத்தன. வலை இழுக்கும்போது போடுகிற கூவலையும் விடவில்லை. அலை அடிக்கும்போது மாமா என்னை இறுக்கினார், மீன் ஓடும்போது வாரைக் கொஞ்சம் தளர்த்தினார். யா அல்லாஹ், அந்தக் கடைசிச் சுற்று நூல் அறாமல் நின்றது! மீன் மெல்லக் களைத்தது. நான் சுற்றினேன். மணலில் அது வெள்ளி மினுங்கக் கிடந்தபோதுதான் நான் தடியைக் கீழே வைத்தேன்.

இழுத்தவர்கள் எல்லாரும் வழக்கப்படி சுற்றி நின்றார்கள். மச்சான் கத்தியோடு குந்தினார். "பங்கு போடுவமா வாப்பா?"

மாமா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "நூலில கை வெச்ச ஆக்கள் ஆரு? கையத் தூக்குங்க பாப்பம்."

ஒருவரும் தூக்கவில்லை.

"அப்ப ஒருத்தருக்கும் பங்கில்ல. எனக்கும் இல்ல. போங்க, போய் வேலையப் பாருங்க."

மாமி புளி கரைத்து ஆணம் காய்ச்சி இறக்கினா. என் மனைவியை எழுப்பிச் சாய்த்து வைத்தோம். முதல் வாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மாமி சட்டியைக் கையில் ஏந்தியபடி நின்றா.  அவள் விழுங்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, முள்ள எடுத்துத் தாங்களன்" என்றாள். நான் குந்தி முள் எடுத்தேன். கண்ணீரில் முள் சரியாகத் தெரியவில்லை.

மாமா உள்ளே வரவே இல்லை. வளவில் கவிழ்த்துக் கிடந்த தோணியில் இருந்தார். மாமி அவருக்கென்று சோறும் ஒரு துண்டு மீனும் வைத்து என்னிடம் தந்தா. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பீங்கான் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தொடவில்லை.

"புள்ள திண்டாளா?"

"ஓம் மாமா. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திண்டா."

"சத்தி?"

"இல்ல மாமா. தங்கிட்டு. இப்ப நித்திர."

அவர் பீங்கானை என் கையிலே திரும்ப வைத்தார்.

"அப்ப என்ட பங்கு வந்திட்டு. இது ஒங்கட. இருந்து தின்னுங்க."