மாமாவிடம் கேட்காத சாவி

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் மதுபானம் பரிமாறுவது என் வேலை. பயிற்சியில் சொல்லித் தந்த மூன்றை ஒரே ஒரு நாள் தவிர நான் தவறவிட்டதில்லை: கிளாஸ்களை எண்ண வேண்டும், வாகனம் ஓட்டி வந்தாரா என்று கேட்க வேண்டும், அளவு மிஞ்சினால் மறுக்க வேண்டும்.

அன்று மத்தியானம் செல்வம் மாமா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வரிசையில் அடுத்த வீடு. என்னைத் தன் ஓட்டோவில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். ஹோட்டல் வழக்கப்படி "சேர்" என்றேன்.

"என்னா புள்ள, மாமாவையே சேர்ங்குற? பெரியாளாயிட்ட!" என்று சிரித்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மூன்றாவது கிளாஸோடு நிறுத்தியிருக்க வேண்டும். "ஒங் கையால இன்னொன்னு" என்றார், ஊற்றினேன். மேசையில் ஓட்டோச் சாவி கிடந்தது. மாமாவிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

அன்று வீடு திரும்பும்போது, கந்தப்பளைக்குப் போகும் வளைவில் ஓட்டோ பள்ளத்தில் விழுந்தது. மாமா பிழைக்கவில்லை.

செத்த வீட்டில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஒன்னயவாவது பாத்துட்டுப் போனாரேம்மா" என்று அழுதார். ஊற்றியது நான்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது முதல் கிளாஸுக்கு முன்பே சாவியை வாங்கி வைத்துவிட்டு, குடித்தவரை வேறு ஓட்டோவில் அனுப்புகிறேன். தெரிந்தவர்களிடம் "மாமா, சாவியக் குடுங்க" என்று கேட்பது மட்டும் இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.