சவுக்கு மரத்துக்குக் காவல் இருந்த மார்கழி

கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால், நிர்வாக வசதிக்கு உட்பட்டு, இயன்றவரை ஒரே ஊரில் அவர்களைப் பணியமர்த்த வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. விதியை எழுதியவர் நல்லவர். அதில் 'இயன்றவரை' என்ற சொல்லைச் சேர்த்தவர் அனுபவசாலி.

எழுபதுகளின் கடைசியில் நான் திருவண்ணாமலை தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஓர் ஆகஸ்டில் அவளை ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். வருவாய்த் துறையில் என்னைப் போன்றவர்கள் மாவட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. அவள் துறையில் மாநிலத்தின் எந்த மூலைக்கும் தூக்கிப் போடலாம். ஆகவே திரும்பி வர வேண்டியவள் அவள்தான். மனுவை நானே எழுதினேன். அவள் கையெழுத்திட்டு, உரிய வழியில், மேலதிகாரி மூலமாக, திருமணப் பதிவுச் சான்றின் நகலோடு அனுப்பினாள். குறை சொல்ல இடமில்லாத மனு. அப்படிப்பட்ட மனுவுக்குப் பதில் வரத் தாமதமாகும் என்பதும் எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பக் காரணம் கிடைக்காத தாளை யாரும் அவசரப்பட்டுத் தொடுவதில்லை.

அவள் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். நான் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவன். இரண்டு வீட்டாரும் எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அதனால் கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் இருவருக்கு மட்டும். கீழ்பென்னாத்தூரில் இருந்து வரும் பஸ்ஸின் கூரையில் ஒரு சவுக்கு நுனி வந்து இறங்கும். மண்ணெண்ணெய் டின்னில் அதை நிறுத்துவாள். கழுவிக் காயவைத்த ஊசிமருந்துப் புட்டிகளில் சிவப்பு மை, பச்சை மை கலந்த தண்ணீரை ஊற்றி நூலில் கட்டித் தொங்கவிடுவாள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் அவை மாணிக்கம் போல் இருக்கும். கிளைகளில் பனிக்குப் பதில் பஞ்சு. பஞ்சு கடையில் காசு கொடுத்து வாங்கியது. மருத்துவமனைப் பஞ்சு அல்ல. கேட்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அந்த டிசம்பரில் அவளிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. 'லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபத்து நாலாம் தேதி காலையில் வந்துவிடுவேன். மரத்தை நீங்களே வைத்துவிடுங்கள். நான் வாசலில் நுழையும்போது அது நிற்க வேண்டும்.'

நிற்க வைத்தேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால் மரம் தரையில் கிடந்தது. இரண்டு புட்டிகள் உடைந்து, சிமெண்டுத் தரையில் சிவப்பு மை ஓடியிருந்தது. ஜன்னல் விளிம்பில் வீட்டுக்காரம்மாவின் இரண்டு பூனைகளும் உட்கார்ந்து, விசாரணைக்கு வந்த அதிகாரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தன.

நாங்கள் குடியிருந்தது அந்த அம்மாளின் வீட்டுப் பின்பகுதியில். அடி அண்ணாமலையில் அவர்களுக்கு நிலம். அறுவடை நெல் எங்கள் சுவருக்கு அடுத்த அறையில் இருக்கும். நெல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வேண்டும். பூனைகளை வெளியேற்ற வாடகைதாரருக்கு எந்தச் சட்டத்திலும் உரிமை இல்லை.

சத்தம் கேட்டு அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஊட்டுக்குள்ள சவுக்குத் தோப்பு வெச்சிக்கினு?"

"கிறிஸ்துமஸ் மரங்க. உங்க பூனை தள்ளிடுச்சு."

"எம் பூனை அப்டிலாம் பண்ணாது சார். காத்து அடிச்சிருக்கும்."

"ஜன்னல் சாத்தியிருந்ததுங்க."

"அப்பொ பூனை எப்டி உள்ள வந்துச்சாம்?"

கூரை ஓடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

மின்னுகிற பொருள்தான் பூனையை இழுக்கிறது என்பது என் முடிவு. அதன்மேல் நடவடிக்கைகளைத் தொடங்கினேன். புட்டிகளை மேல் கிளைகளுக்கு ஏற்றினேன். மரத்தை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டினேன். சுற்றிலும் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டேன். பூனைக்கு அந்துருண்டை வாசனை ஆகாது என்று எங்கோ படித்த ஞாபகம். ஒரு பொட்டலம் வாங்கி, துணியில் முடிந்து, கிளைகளில் தொங்கவிட்டேன். பார்க்கப் பனிக்கட்டி போல நன்றாகவே இருந்தது. ஆனால் அவள் பட்டுப்புடவை வைக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை வீடு முழுக்க நிறைந்துவிட்டது. பூனைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் தூக்கம் போனது.

அலுவலகத்தில் விஷயம் பரவியது. தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்பா, பூனைங்களுக்கு மெமோ குடுத்துப் பாத்தியா?"

"இன்னும் இல்லிங்க சார்."

"விளக்கம் கேளு. பதினஞ்சு நாள் டைம் குடு. அதுக்குள்ள கிறிஸ்துமஸே முடிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டபேதார் மட்டும், "அம்மாவ எப்ப சார் இங்க போடுவாங்க?" என்று கேட்டார். தலைமை எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கோப்பைப் பிரித்தார்.

இருபத்து மூன்றாம் தேதி மாலை பூட்டைத் திறந்ததும் அந்துருண்டையையும் மீறி ஒரு நாற்றம். குனிந்து டின்னைப் பார்த்தேன். மணல் கிளறி மூடியிருந்தது. தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் இரண்டு சட்டி ஆற்று மணல் கேட்டு வாங்கி, கல் பொறுக்கி, சலித்து, அதில் மரத்தை நட்டிருந்தேன். புட்டியும் பஞ்சும் பூனைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. செம்மண்ணும் பாறையுமான ஊரில் அவற்றுக்கென்று சலித்த மணலில் நான் ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்திருக்கிறேன். நாற்காலி போட்டு மறைவும் ஏற்படுத்தியிருக்கிறேன்.

டின்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவதை வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார்.

"மணல் கொட்டி வெச்சா பூனை வராம யானையா சார் வரும்?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லிங்களா?"

"நீங்க டின்ன எங்க காட்னீங்க? நாற்காலிய இல்ல காட்னீங்க!"

முந்தைய வருஷங்களில் என் மனைவி டின்னில் என்ன போட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். உடைத்த செங்கல். கொல்லையில் உட்கார்ந்து அவள் செங்கல் உடைக்கும் சத்தம் ஞாபகம் வந்தது. அவள் கீழே உட்கார்ந்து டின்னை நிரப்பும்போது, மரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து நிற்பது என் வேலை. அதனால் கீழே நடந்ததை நான் பார்த்ததே இல்லை. பூனையை எண்ணித்தான் செங்கல் போட்டாளா, கையில் கிடைத்தது அதுதான் என்று போட்டாளா? பல வருஷங்கள் இதைக் கேட்க நினைத்து, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இனிக் கேட்க முடியாது.

அன்று இருட்டுவதற்குள் நானும் செங்கல் உடைத்தேன். கட்டை விரலில் ஒரு அடியும் வாங்கிக்கொண்டேன். மரம் நின்றது. காலையில் ரயில் நிலையத்துக்குப் போனேன். ராமேஸ்வரத்து ரயிலில் வந்து விழுப்புரத்தில் இறங்கி, காட்பாடி பாசஞ்சர் பிடித்து வருவதாகத் திட்டம். பாசஞ்சர் வந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் இறங்கினார்கள், மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து கூடைக்காரி ஒருத்தி இறங்கினாள். அதன்பிறகு யாரும் இறங்கவில்லை. அடுத்த வண்டிக்கும் நின்றேன்.

மதியம் தந்தி வந்தது. லீவு ரத்து. பண்டிகைக்கு வேறு ஆள் இல்லையாம்.

"அம்மா வர்லியா சார்?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நான் தந்தியைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கத் தெரியாமலே வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று, இரண்டு பூனைகளையும் பிடித்து நெல் அறையில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டார்.

"இன்னிக்கு ஒரு நாளு உங்க மரத்துக்கு ஒண்ணும் ஆவாது சார். நிம்மதியா இருங்க."

நிம்மதியாக உட்கார்ந்தேன். காவலுக்கு வேலை இல்லை. காகித நட்சத்திரத்துக்குள் பல்பைப் போட்டேன். கேக்கை வெட்டினேன். வெட்டிய பிறகு, இரண்டாவது துண்டை எதற்கு வெட்டினேன் என்று தெரியவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் பூனைகள் கத்திக்கொண்டிருந்தன. அத்தனை நாளும் மாலையானால் ஓடி வந்து கதவைத் திறந்தேனே, அது மரத்துக்கு என்ன ஆனதோ என்ற பயத்தில்தான். காலி வீட்டைத் திறக்கிறோம் என்ற நினைப்பே அந்தப் பயத்தில் வராமல் இருந்தது.

போய் நெல் அறை முன்னால் நின்றேன்.

"அதுங்கள விட்டுடுங்கம்மா."

"மரம், சார்?"

"பரவால்லிங்க. டின்ல இப்ப செங்கல்தான்."

அவர் தாழ்ப்பாளை நீக்கினார். சாம்பல் நிறப் பூனை நேராக வந்து டின்னை முகர்ந்தது. செங்கலைக் காலால் தட்டிப் பார்த்தது. வசதியைப் பறித்துவிட்டானே என்று என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மரத்தடியிலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. கேக்கின் இரண்டாவது துண்டு அதற்குப் போனது.

அடுத்த கடிதத்தில் அவள் எழுதினாள்: 'நான் வரும்வரை மரத்தை எடுக்காதீர்கள். எப்போது வந்தாலும் எனக்கு அன்றுதான் கிறிஸ்துமஸ்.'

எடுக்கவில்லை. போகியன்று வீட்டுக்காரம்மா விளக்குமாற்றோடு வந்து, "குடுங்க சார், ஜம்முனு எரியும்" என்றார். மாட்டேன் என்றேன். பொங்கலுக்கும் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. தை முழுக்கச் சவுக்கு ஊசிகள் பழுத்து உதிர்ந்தன. தினம் காலையில் பெருக்கினேன். மாசி பிறந்தபோது மரத்தில் குச்சிகளும் நூலில் ஆடும் புட்டிகளும்தான் மிச்சம். புட்டிகளில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது. பூனைகள் ஏறினாலும் உதிர ஒன்றும் இல்லை. ஆனாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

ஒரு நாள் மருத்துவமனை எழுத்தர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "ஊட்டம்மாவுக்கு ஆர்டர் வந்துடுச்சு சார், இந்த ஊருக்கே போட்டுட்டாங்க. படிச்சிக்கோங்க" என்று தாளை நீட்டினார். தொழில் பழக்கம், முதலில் தேதியைப் பார்த்தேன். கையெழுத்தாகியிருந்த தேதி டிசம்பர் பதினெட்டு. நான் மரத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த வாரம். ஏதோ ஒரு பிரிவின் தபால் தட்டில் தாள் படுத்திருந்திருக்கிறது. கோப்பின்படி பார்த்தால் அந்தக் கிறிஸ்துமஸில் என் மனைவி திருவண்ணாமலையில்தான் இருந்திருக்கிறாள். தாளின் ஓரத்தில் மருத்துவமனை அடித்திருந்த வரவு முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது. அதில் இருந்த தேதி மார்ச் ஒன்பது.