பவளப் பூச்சியின் நான்காவது கால்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஏழு மாதக் கர்ப்பிணியாக அம்மா வீட்டுக்குத் திருவண்ணாமலைக்கு வந்தபோது, பழைய புடவையில் சுற்றிய மைக்ராஸ்கோப்பையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன். பையில் சில கண்ணாடிக் குப்பிகள். மண்டபம் என்ற ஊரின் கடலில் எடுத்த பவளத் துண்டுகளைக் கழுவிச் சேர்த்த வண்டல் அவற்றில் இருந்தது. பவளத்தில் ஒட்டி வாழும், இறாலுக்குத் தூரத்து உறவான, கடுகைவிடச் சிறிய உயிர்கள் அதற்குள் கிடந்தன.

அவற்றில் ஒரு வகை, அதுவரை தெரிந்த எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. சொந்தக்காரப் பூச்சிகளுக்கெல்லாம் நான்காவது கால் இரண்டாகக் கிளை பிரியும். இதன் பெண்ணுக்கு உள்கிளையே இல்லை. "ஆணையும் பாத்துட்டுச் சொல்லும்மா" என்றிருந்தார் என் பேராசிரியர். கிடைத்தது ஒரே ஓர் ஆண்.

காலைப் பிரிக்கும்போது ஃபேன் ஓடக் கூடாது; லேசான காற்றுக்கே பறந்துவிடும். சித்திரை வெயிலில் நான் வேர்த்து வழிவதைப் பார்த்து அம்மா ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் அந்த ஆணின் நான்காவது காலைப் பிரித்துக் கண்ணாடியில் வைத்தேன். உள்கிளை இல்லை. ஆனால் அது என் ஊசி பட்டு ஒடிந்ததா, பிறவியிலேயே இல்லையா என்று தெரியவில்லை. கண் எரிந்ததால் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாதான் போட்டிருந்தாள். கால் போய்விட்டது.

அழுதேன். அம்மா பதறிப்போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கும்னு சொல்லுடி, தேடுறேன்."

"கண்ணுக்குத் தெரியாதும்மா."

"அப்புறம் இன்னாத்த தேடுறது? அழுவாத, வயித்துல புள்ள இருக்குது."

அறை முழுவதையும் பெருக்கி, குப்பையைக் காகிதத்தில் அள்ளி என் முன்னால் வைத்தாள். உமியும் ஓர் எறும்புத் தலையும்தான் கிடைத்தன. மறுநாள் அப்பா அந்த அறையின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

ஒதுக்கி வைத்திருந்த வண்டலை மறுபடி சலித்தேன். ஒரு வாரம் கழித்து இன்னோர் ஆண் அகப்பட்டது. இந்த முறை காலைப் பிரிக்காமல் அப்படியே புரட்டிப் பார்த்தேன். இதற்கும் உள்கிளை இல்லை; அது இருக்க வேண்டிய இடம் இரண்டு பக்கமும் வழவழப்பு, ஒடிந்த தழும்பே இல்லை. "அம்மா!" என்று கத்தினேன். அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"வலி எடுத்துடுச்சா?"

"இல்லம்மா, கால் இல்ல!"

"ஐயோ, யாருக்குடி?"

சிரித்துக்கொண்டே அவளை உட்கார வைத்து, இரண்டு முட்டைப் பைகளோடு இருந்த ஒரு பெண் பூச்சியைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவளும் மாசமா இருக்கா பாரு" என்றாள்.

ஆனியில் மகள் பிறந்தாள். அம்மா தொட்டிலை ஆட்ட, நான் மிச்சப் படங்களை வரைந்தேன். பேராசிரியர் புதுப் பேரினம்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்கு ஒரு கிரேக்கப் பெயர் தேட எனக்கு மாதக்கணக்கில் ஆனது. மகளுக்கு என்னைக் கேட்காமலே அம்மா பெயர் வைத்துவிட்டாள்.