‘ஸூத்’ என்றால் ஆமாம் போடுவது

ஆங்கிலத்தில் ‘ஸூத்’ (soothe) என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. வீட்டில் உரக்கச் சொன்னால், கெட்ட வார்த்தை என்று முதுகில் அடி விழும். நான் வேலை செய்த மந்தைவெளி பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த தடித்த அகராதியில் அது கண்ணில் பட்டது. கூட வேலை செய்தவனைச் சீண்டலாம் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் நான். எழுத்துக் கூட்டித்தான் வந்தது. அழுகிற ஆளைத் தணிப்பது, வலியை ஆற்றுவது என்று போட்டிருந்தது. கீழே அந்தச் சொல் பிறந்த கதை. ஆதியில் அதற்கு, ஒன்றை உண்மை என்று காட்டுவது என்றுதான் பொருளாம். பிறகு அடுத்தவர் சொல்வதற்கெல்லாம் ‘ஆமாம், நிஜம்’ என்று ஒத்து ஊதுவது. பொய்யாக இருந்தாலும்தான். அங்கிருந்து நகர்ந்து, தணிப்பதில் வந்து நின்றுவிட்டதாம்.

அவனைச் சீண்டவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

அதற்கு முந்தைய வருஷம்தான் அப்பா செத்துப்போனார். அடையாறு ஆட்டோ ஸ்டாண்டில், தன் ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதே ஸ்டாண்டில் ஓட்டிய மாமா, அம்மாவின் தம்பி, பக்கத்தில் இருந்தார். மயிலாப்பூரில் வீட்டுவேலைக்குப் போயிருந்த அம்மாவை அழைத்துவர என்னை அனுப்பினார்.

“செத்துட்டார்னு சொல்லாத நைனா. சீரியஸா கீறார்னு மட்டும் சொல்லி இட்டாந்துடு.”

எங்கள் பக்கம் அப்படித்தான். ஆள் வீடு வந்து சேர்ந்து சாவைக் கண்ணால் பார்க்கும்வரை செத்தவர் ‘சீரியஸ்’. அதற்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது. அம்மாவே எத்தனையோ பேரை அப்படிச் சொல்லிக் கூட்டி வந்தவள்.

அப்பா சீரியஸ் என்றதும் கழுவிய பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“வெளாட்றியா?”

“இல்லம்மா.”

அந்த வீட்டு மாமி, “ஒண்ணும் ஆயிருக்காது, மொதல்ல கெளம்பு” என்றாள்.

பஸ்ஸில் அம்மா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

“சீரியஸ்னா இன்னான்னு எனுக்குத் தெரியாதா? உயிரோட கீறாரா, இல்லியா? நெசத்த சொல்லு.”

எனக்குள் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க மரத்துப்போகிற ஊசி போட்டதுபோல இருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது.

“கீறாரும்மா. உன்னத்தான் கேட்டாரு. ‘எங்க அவ, இன்னும் வேல முடியலியா மகாராணிக்கு’ன்னு திட்னாரு.”

திட்டினார் என்றதும் நம்பிவிட்டாள். பிடி தளர்ந்தது.

“திட்றதுக்கு மட்டும் தெம்பு கீது” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடையாறில் இறங்கி நடந்தபோது எங்கள் தெருமுனையில் மேளம் கேட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். “கடசியா என்னத்தான் கேட்டாரு. திட்னாரு.” ஒரு கிழவி நம்பாததுபோல உதட்டைப் பிதுக்கினாள். அம்மா சட்டென்று மாமாவிடம் திரும்பினாள்.

“நீ கூடத்தான இருந்த. கேட்டாரா, இல்லியா?”

மாமா என்னைப் பார்த்தார். நான் இலையில் இருந்த உப்பை விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

“கேட்டாருக்கா. ரெண்டு வாட்டி.”

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு யார் இலையில் சோறு தீர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போனாள்.