பின்னால் ஓடும் ரெயில்

லூயிஷாமில் நான் வேலை செய்த கடைக்கு மைக் வாங்க வருகிறவர்கள், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பார்கள். அவர் ஒருவர்தான் எது கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்.

ஐம்பது வயதிருக்கும். கடைக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு முறையும் வாய் திறக்குமுன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மைக்கோடு இணைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “எனக்குப் பின்னாலை நிண்டு கதையும் தம்பி” என்றார். கதைத்தேன்.

“உம்மடை குரல் கேக்குது. இது சரிவராது.”

விலை கூடிய மைக்குகள் எல்லாம் அப்படியே தோற்றன. கடைசியில், வாய்க்குக் கிட்ட வைத்துப் பேசும் மைக் ஒன்றைக் கொடுத்தேன். “இது சுத்திவரக் கேக்கிற சத்தத்தைப் பெரிசாய்ப் பிடிக்காது அண்ணை.”

“ரெயிலை?”

“வீட்டுக்குப் பின்னாலை ரெயில் போகுதோ?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “பேர் சொல்லாமல், முகம் காட்டாமல்தான் சேனலிலை ஊர் அரசியல் கதைக்கிறன். போன கிழமை ஒருத்தன் வீடியோவுக்குக் கீழை எழுதியிருக்கிறான், ‘ரெயில் சத்தம் கேக்குது, எந்த ஸ்டேசன் அண்ணை?’ எண்டு. வீட்டைக் கண்டுபிடிச்சால் என்னைக் கண்டுபிடிச்சிடுவினம்.” மறுபடி வாசலைப் பார்த்தார். “அம்மா இன்னும் ஊரிலைதான் இருக்கிறா.”

அந்த மைக்கையே வாங்கிக்கொண்டு போனார். சேனலின் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது முகமில்லாத ஒரு குரல் ஊர் அரசியல் பேசினால், பேச்சு என் காதில் ஏறுவதில்லை. பின்னால் ரெயில் ஓடுகிறதா என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.