புகையில்லாத கருத்தரங்கும் ஒரு ஜப்பான் டிக்கெட்டும்

கருத்தரங்கு ஏற்பாடு செய்கிற குமாஸ்தாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மைக் கரகரத்தால் தவிர. இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆசை காட்டியது

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம். பூமி சூடாகிறது என்று பேச எங்கள் பேராசிரியர் கருத்தரங்கு கூட்டினார். பேசுகிற நாமே பெட்ரோலையும் மின்சாரத்தையும் கொளுத்தக் கூடாதாம். நானும் நூலகத்து லோகநாதனும் அதைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். நன்றாகச் செய்தவர் அடுத்த ஆண்டு அவரோடு ஜப்பான் கூட்டத்துக்குப் போகலாம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் விருந்தாளிகளின் பெட்டி தூக்கியே நரைத்தவன் நான். விமானம் ஏறியதில்லை. லோகநாதன் வேலைக்கு வந்ததே நேற்று மாதிரி. பேராசிரியர் அறையை விட்டு வெளியே வந்ததும் கேட்டான்: "அண்ணே, ஜப்பான்ல இப்ப குளிரா இருக்குமா?"

ஃபெர்ரி

கோலாலம்பூர்க்காரர்களுக்கு வழக்கம்போல ஆளுக்கொரு கார் சொல்லி வைத்தேன். லோகநாதன் அத்தனையையும் ரத்து செய்தான். அக்கரையில் பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு எங்கள் தீவுக்கு ஃபெர்ரி, இந்தப் பக்கம் எல்லோருக்கும் ஒரே பஸ். கடல் காற்றில் களைத்துப் போய் வருவார்கள், என்னிடம் வந்து புலம்புவார்கள் என்று காத்திருந்தேன். சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். வருஷா வருஷம் வருகிற விரிவுரையாளர் அம்மா என்னிடம் வந்தார்: "ஏன் அண்ணே, இத்தனை வருஷமா எங்கள கார்ல போட்டு அடைச்சீங்க?"

கோட்டு

மறுநாள் நான் முந்திக்கொண்டேன். ஏர்கானை நிறுத்தி ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஊர் சபையில் பெரியவர் கோட்டைக் கழற்றாமல் வேறு யாரும் கழற்ற மாட்டார்கள். பத்து மணிக்கே அறிஞர்கள் வேர்வையில் ஊறிப்போனார்கள். பேராசிரியர் என்னை முறைத்தார். லோகநாதன் மேடையேறி அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் கோட்டைக் கழற்றினார். மண்டபம் முழுக்கக் கழற்றியது. அவனுக்குக் கைதட்டல். தேநீர் கொண்டுவந்த கேண்டீன் முத்தையா என் பக்கத்தில் நின்று சொன்னார்: "சுவிட்ச அணைச்சது நீங்க, பேரு அவருக்கு லா."

கடைசி நாள்

டிக்கெட் லோகநாதனுக்கு என்று பேராசிரியர் மேடையிலேயே அறிவித்தார். நான் நாற்காலிகளை அடுக்கப் போனேன். யாரோ அவனிடம் கேட்டார்கள், இன்னும் எதைக் குறைக்கலாம் என்று. கைதட்டல் தலைக்கேறியிருந்தது. "விமானம்தான் சார் அதிகமா புகை விடுது. ஒரு ஊர்ல இருந்து ஒருத்தர் போனா போதாதா? மத்தவங்க கட்டுரைய அவரே வாசிச்சிடலாம்" என்றான்.

பலத்த கைதட்டல். பேராசிரியர் அவன் முதுகில் தட்டி, அப்படியே செய்வோம், நான் மட்டும் போகிறேன் என்றார்.

லோகநாதன் நேராக என்னிடம் வந்தான். ஒரு நாற்காலியை எடுத்து அடுக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, பாஸ்போர்ட் நேத்துதான் கைக்கு வந்துச்சு."

அடுத்த ஆண்டு பேராசிரியரை விமானம் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். பூமிக்கு அதனால் என்ன நன்மையோ, எனக்கு அன்று நல்ல தூக்கம்.